ஊர் கேட்ட கிளாக்கர்

தமிழன் ஒருவன் இன்னொரு தமிழனைக் கண்டால் பெயரைக் கேட்குமுன் ஊரைக் கேட்பான். பெயர் எங்கே ஓடிவிடப் போகிறது? ஊர் தெரிந்தால் மற்றதெல்லாம், அவன் யார், எவருடைய பிள்ளை, கதிரையில் இருத்துவதா வாசலில் நிறுத்துவதா என்பது வரை, நாங்களே ஊகித்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவர்கள் நாங்கள் இதில் கைதேர்ந்தவர்கள். நான் அளவெட்டி. பெயர் பூபாலசிங்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை ஒட்டியிருந்த ஓர் எஞ்சினியரிங் கம்பனியில் இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால் ஒரு பொடியனின் பிழைப்பைக் கெடுத்தேன். பழக்கத்தால் மட்டும் கெடுத்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

இது நடந்து ஆறு வருடமாகிறது. ஜெர்மன்காரனோடு யுத்தம் தொடங்கிய மறுவருடம். துறைமுகத்தில் கப்பல்கள் பழுதுபார்க்க வரிசையில் நின்றன. வேலை குவிந்தது, வேலை தெரிந்த கைகள் போதவில்லை. கம்பனி ஆறு பேரை அப்பிரண்டிஸ்களாக எடுக்கத் தீர்மானித்தது. ஐந்து வருட ஒப்பந்தம். அந்த ஐந்து வருடமும் லேத், வெல்டிங், பொயிலர் என்று ஒவ்வொரு பகுதியாக நின்று பழகவேண்டும். முடிவில் ‘பிற்றர்’, அதாவது இயந்திரம் பொருத்தத் தெரிந்தவன், என்று துரை கையெழுத்திட்ட பத்திரம் கிடைக்கும்.

அந்தப் பத்திரத்தின் பெறுமதி கம்பனிக் கேற்றடியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். பத்திரம் உள்ளவன் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே போவான். மழை பெய்தாலும் அவனுக்குச் சம்பளம், கை நசுங்கினாலும் கம்பனி பார்த்துக்கொள்ளும். பத்திரம் இல்லாதவன் எவ்வளவு பெரிய கைகாரனாக இருந்தாலும் கூலிதான். வெயிலில் வரிசையாக நிற்பான், கங்காணி விரலைக் காட்டினால் உள்ளே, காட்டாவிட்டால் வீட்டுக்கு. இரண்டு பேரும் ராவுவது ஒரே அரத்தால்தான். எனக்கு அந்த அநியாயம் அப்போதே தெரியும். தெரிந்து என்ன, மாத முடிவில் கூலிப் பட்டியலை எழுதியது நான்தானே.

துரைமார் ஒரு விதியும் போட்டிருந்தார்கள். எடுபடுகிறவன் இலங்கையில் பிறந்தவனாக இருக்கவேண்டும். அந்த நாட்களில் பத்திரிகையைத் திறந்தால் ‘இந்தியக்காரனுக்கு இங்கே என்ன வேலை’ என்ற சத்தம்தான். எங்கள் துரைமாருக்கு எவன் எங்கே பிறந்தால் என்ன? வம்பு வேண்டாம் என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கைகழுவினார்கள்.

சோதனைக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் என் அக்காவின் மகன் நாகமணி. அளவெட்டியில் படிப்பு ஏறாமல் இரண்டு தரம் சோதனையில் விழுந்து, மூன்று மாதமாக வெள்ளவத்தையில் என் வீட்டில் இருந்து என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, சோம்பல் மட்டும் கொஞ்சம் கூட. அக்காவிடமிருந்து வாரம் தவறாமல் கடிதம் வரும். ‘தம்பி, உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறன்’ என்ற வரி இல்லாத கடிதம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

சோதனை எளிதாகத்தான் சொல்லப்பட்டது. ஓர் இரும்புத் தகட்டில் சதுர ஓட்டை ஒன்றை ராவவேண்டும். அந்த ஓட்டைக்குள் போகிற மாதிரி ஒரு சதுரக் கட்டையையும் ராவவேண்டும். கட்டையை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டாலும் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். காலை ஏழிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை நேரம். கையில் அரமும் மூலைமட்டமும் தவிர வேறொன்றும் கிடையாது.

நாலு மணிக்குப் பட்டறை மேற்பார்வைக்காரரான போமன் பீற்றர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பீற்றர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், நாக்கு நீளம், மனம் சுத்தம். ஒட்டுகிற இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஒரு பெருமூச்சு விடுவார். அன்று முப்பது பெருமூச்சுக்கு மேல் விட்டிருப்பார். நாகமணியின் தகட்டைப் பிடித்தபோது ஒரு மூலையில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. “பரவாயில்லை” என்று ஏழாவதாகப் போட்டார். ஆறு இடத்துக்கு ஏழாவது ஆள். அக்காவுக்கு என்ன எழுதுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசித் தகட்டைப் பிடித்தவர் பெருமூச்சு விடவில்லை. கட்டையைத் திருப்பிப் போட்டார். இன்னும் ஒரு தரம் திருப்பினார். நாலாவது பக்கமும் பார்த்துவிட்டுத் தகட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“வெளிச்சம் தெரியுதா பாருங்க மிஸ்டர் பூபாலசிங்கம். நான் பதினெட்டு வருசமா இந்த வேல செய்றேன். எனக்கே இப்படி வராது. யாரப்பா இது?”

“நாந்தாங்க” என்று ஒருவன் முன்னால் வந்தான். பத்தொன்பது வயதிருக்கும். ஒல்லி. சட்டை வெளுத்திருந்தது, ஆனால் சுத்தம். விரல் நுனியெல்லாம் இரும்புக் கறுப்பு ஏறி, தேய்த்தாலும் போகாத நிறத்தில் இருந்தன. பெயர் இராமர். ஜிந்துப்பிட்டியில் வீடு. ஆறு வருடமாக மருதானையில் ஹாஷிம் என்பவருடைய பட்டறையில் பூட்டும் திறப்பும் செய்து கையைப் பழக்கியவன். அந்த ஆறு வருடத்துக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவனிடம் இல்லை.

“ஆறு வருசமா வேலை தெரிஞ்ச பாஸ்னு கூப்புடுறாங்க சார், ஆனா எங்க போய்க் கேட்டாலும் பத்திரம் இருக்கான்னுதான் கேக்குறாங்க” என்று பீற்றரிடம் சொன்னான். குறை சொல்வது போல் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பீற்றர் அவன் முதுகில் தட்டினார். “இனிக் கேக்கமாட்டாங்க. நீதான் முதலாவது.”

அவன் அப்படியே நின்றான். பிறகு கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என் மருமகன் ஏழாவதாக நின்றும்கூட.

தெரிவான ஆறு பேருக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்புவது என் வேலை. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் தமிழில் அல்லது சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். இராமர்தான் முதலில் வந்தான். பெயர் எழுதினேன், தகப்பன் பெயர் எழுதினேன், வயது எழுதினேன். நான்காவது கட்டம் ‘பிறந்த இடம்’. கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. என் கண் அதைப் பார்த்தது, வாய் என்ன கேட்டது தெரியுமா?

“ஊர் எது தம்பி?”

அவன் நிமிர்ந்தான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை மாதிரி, ஒரு சொல் தவறாமல் சொன்னான்.

“கரட்டுப்பட்டிங்க. முசிறித் தாலுகா, திருச்சி ஜில்லா.”

நானும் எழுதினேன். நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில், மையில். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமை உண்டு. ‘ஓ, அந்தப் பக்கத்து ஆட்களோ’ என்று மனதுக்குள் ஒரு பெட்டியில் அவனைப் போட்டு மூடியதும் ஞாபகம் இருக்கிறது. அவன் அந்தக் கரட்டுப்பட்டியைக் கண்ணால் கண்டதில்லை என்பதோ, ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் பிறந்து, கொழும்பைத் தாண்டி நீர்கொழும்புகூடப் போகாதவன் என்பதோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லையே. என்னிடம் யாராவது ஊர் எது என்று கேட்டால் நானும் அளவெட்டி என்றுதானே சொல்வேன்? வெள்ளவத்தைக்கு வந்து அப்போதே பதினாறு வருடம், ஒரு நாளாவது ஊர் வெள்ளவத்தை என்று சொல்லியிருக்கிறேனா? அப்படிச் சொன்னால் கேட்டவன் சிரிப்பான்.

நாலாம் நாள் காலையில் மேல் மாடியிலுள்ள துரையின் கந்தோரிலிருந்து படிவங்கள் என் மேசைக்குத் திரும்பி வந்தன. ஐந்தில் ‘சரி’ என்று இருந்தது. இராமருடையதில் நான்காவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். கீழே ஒரு வரி: ‘இந்தியர். அடுத்த ஆளை எடுக்கவும்.’

கட்டத்தின் தலைப்பை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். என்ன செய்தேன் என்று உடனே விளங்கிவிட்டது. மேல் மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறிப் போய், ‘சேர், கேள்வியை நான் பிழையாகக் கேட்டுவிட்டேன்’ என்று சொல்லியிருந்தால் ஒரு ஏச்சோடு காரியம் முடிந்திருக்கும். எழும்பியும் விட்டேன். எழும்பியபோது கண் மறுபடியும் அந்த வரியில் விழுந்தது. அடுத்த ஆளை எடுக்கவும். அடுத்த ஆள் நாகமணி.

கதிரையில் இருந்துவிட்டேன். பதினொரு மணி வரை ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகிற சாட்டில் தபால் கந்தோருக்குப் போய் அக்காவுக்குத் தந்தி அடித்தேன். ‘நாகமணிக்கு இடம் கிடைத்தது.’ அந்தத் தந்தியை அடிக்காமல் இருந்திருந்தால் பின்னேரம் நான் வேறு மனுஷனாக இருந்திருப்பேனோ என்று பலமுறை யோசித்ததுண்டு. இருந்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்தத் தந்தியைச் சாட்டாக வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

பின்னேரம் பீற்றர் புயல் போல வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

“அந்தப் பொடியன் இந்தியாவில பிறந்தவனாமே? மருதானையில கேட்டா எல்லாருக்கும் தெரியுமே அவன் ஜிந்துப்பிட்டிப் பொடியன்னு! நான் மேல போய்ச் சண்டை பிடிச்சிட்டுத்தான் வாறேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால பேர்த் சேட்டிபிக்கற் காட்டினா எடுப்பாங்களாம். துரை சொல்லிட்டார். நீங்க அவனக் கூப்பிட்டுச் சொல்லுங்க மிஸ்டர் பூபாலசிங்கம். எனக்கு டொக்கில கப்பல் வேல, வெள்ளி வரைக்கும் நகர ஏலாது.”

“சொல்லுறன்” என்றேன்.

மறுநாள் பின்னேரம் இராமர் கேற்றடிக்கு வந்தான். ஏதோ பிசகு என்று அவனுக்கும் காற்றுவாக்கில் தெரிந்திருந்தது. முகம் வாடியிருந்தது.

“என்னங்க ஐயா, எம்பேரை எடுத்துட்டாங்களாமே?”

“இன்னும் எடுக்கேல்லை. அத்தாட்சி ஒண்டு வேணுமாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கொண்டு வா.”

“என்ன அத்தாட்சிங்க?”

இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. ‘பிறப்பு அத்தாட்சி’ என்று சொல்லியிருக்கவேண்டும். பிறப்பு என்ற அந்த ஒரு சொல் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. நான் அதை விழுங்கியது எனக்குத் தெரிந்தே நடந்தது.

“நீ போர்மில சொன்னதுக்கு அத்தாட்சி” என்றேன்.

“நான் சொன்னதுக்குங்களா?”

“ஓம்.”

அவன் முகம் தெளிந்தது. “அவ்வளவுதானுங்களா ஐயா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். அம்மாகிட்ட இருக்குங்க.” கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கந்தோரில் பதினாறு வருடம் இருந்தால் மனுஷனுக்கு இந்த வித்தை வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு இராமர் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். அங்கம்மா என்று பெயர். தேயிலை ஸ்டோரில் குச்சி பொறுக்கும் வேலை. அன்று அரைநாள் லீவு போட்டு, வெளுத்த சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தாள். மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து, நாலு மடிப்பை அவிழ்த்து, ஒரு கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பாருங்க சாமி. எங்க அண்ணன் எழுதுனது. முத்திரை இருக்கு, தபாலாபீசு சீல் இருக்கு. கரட்டுப்பட்டின்னு போட்டிருக்கான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. எம்மவன் பொய் சொல்றவன் இல்லீங்க.”

வாங்கிப் பார்த்தேன். இந்திய முத்திரை. முசிறி சீல். ‘அன்புள்ள தங்கச்சி அங்கம்மாளுக்கு, கரட்டுப்பட்டியிலிருந்து எழுதிக்கொள்வது’ என்று தொடங்கியது. இவர்களுக்கு ஊரில்லை என்று கம்பனி சந்தேகப்படுகிறது, நாதியற்றவர்கள் என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்க்கிறது என்று அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு எப்படி விளங்கிக்கொள்வார்கள்? நானும் அப்படித்தான் விளங்கியிருப்பேன்.

“அவங்கப்பா துறைமுகத்துல கரி சுமந்து செத்தவருங்க” என்றாள் அங்கம்மா. “சாகுறப்பகூட, புள்ளைக்கு ஊரு பேரச் சொல்லிக் குடு, எவனும் கேட்டா முழிக்கக் கூடாதுன்னு சொன்னாரு. தெனம் சொல்ல வச்சேன் சாமி. தாலுகா, ஜில்லா எல்லாம்.”

சுவர் மணிக்கூடு பத்தே முக்கால் காட்டியது. பிறப்புப் பதிவுக் கந்தோர் கால்மணி நேர நடை. அங்கே எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். நான் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தால் பதினொன்றரைக்குப் பிரதியோடு திரும்பி வந்திருப்பார்கள். ‘இது இல்லை அம்மா, ஓடு, பிறந்த பதிவை எடுத்துக்கொண்டு ஓடி வா’ என்று சொல்ல எனக்கு முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தினேன்.

“சரியா சாமி?” என்று அங்கம்மா கேட்டாள்.

“பார்ப்பம்” என்றேன்.

“நீங்களாச்சும் நம்புனீங்களே” என்று சொல்லி என் மேசையை, காலைத் தொடமுடியாத தூரத்தில் இருந்ததால் மேசையை, தொட்டுக் கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைத் திறக்க அது போதுமானதாக இருக்கவில்லை.

மேல் கந்தோரில் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பேச்சே இல்லாமல் காரியம் முடிந்தது. இந்திய முத்திரை ஒட்டிய அத்தாட்சியை அவனே கொண்டுவந்து கொடுத்திருக்கிறானே, இனி என்ன விசாரணை? பீற்றர் டொக்கிலிருந்து வந்து கடிதத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதென்ன? நான் கேட்டது ஒண்டு, அவன் கொண்டு வந்தது ஒண்டு. நீங்க வடிவாச் சொன்னீங்களா?”

“சொன்னனான். அதுகளுக்கு விளங்கேல்லை” என்றேன்.

அதுவரை சொல்லாமல் விட்டு விட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தவன், அங்கேதான் முதல் முதலாகச் சுத்தமான பொய்யைச் சொன்னேன். பீற்றர் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கும் அவர் பெருமூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை நாகமணியின் படிவத்தை நிரப்பினேன். அவனும் தலையை வாரி, நல்ல சேட் போட்டு என் முன்னால் நின்றான். பெயர், தகப்பன் பெயர், வயது. நான்காவது கட்டத்தில் பேனா நின்றது. அத்தான், அதாவது நாகமணியின் தகப்பன், மலாயா ரயில்வேயில் இருபது வருடம் இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். நாகமணி பிறந்தது ஈப்போவில். நாலு வயதில்தான் அளவெட்டி மண்ணை மிதித்தான். அவன் பிறந்த செய்தி வந்த தந்தியை வாசித்துக் கற்கண்டு வாங்கி ஊரெல்லாம் கொடுத்தவன் நானேதான்.

“நாகமணி, ஊர் எது?” என்று கேட்டேன். தெரிந்தே, அந்தச் சொல்லையே பொறுக்கியெடுத்துக் கேட்டேன்.

அவன் சிரித்தான். “என்ன மாமா, தெரியாத மாதிரிக் கேட்கிறியள்? அளவெட்டி.”

எழுதினேன். செவ்வாய்க்கிழமை ‘சரி’ என்று வந்தது. ஜிந்துப்பிட்டியில் பிறந்தவன் இந்தியனாகிப் போனான், மலாயாவில் பிறந்தவன் இலங்கையனாகி உள்ளே வந்தான். இரண்டு பேரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி. இரண்டு பேரும் சொன்னது உண்மை. அக்கா பனங்கட்டி ஒரு பெட்டியும் முருங்கைக்காயும் ரயிலில் அனுப்பியிருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து இராமர் கந்தோர் ஜன்னலடியில் வந்து நின்றான். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். அவன் கூப்பிடவில்லை, காத்து நின்றான். கடைசியில் நான்தான் நிமிரவேண்டியிருந்தது.

“என்ன தம்பி, கடிதத்துக்கோ வந்தனி?”

“அம்மாவுக்கு அது வேணுந்தாங்க, மாமா மேல்விலாசம் அதுலதான் இருக்கு. ஆனா நான் அதுக்கு வரலீங்க.” சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தான். “பீற்றர் ஐயாவைக் கோயில் வாசல்ல பார்த்தேன். பொறந்த பத்திரந்தான் கேட்டாங்களாமே. இதோ எடுத்துட்டு வந்துட்டேங்க. அரை மணி நேரத்துல குடுத்துட்டாங்க.”

விரித்துக் காட்டினான். பிறந்த இடம், ஜிந்துப்பிட்டி. முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. அரை மணி நேரத்தில்.

“நீங்க சொல்ல மறந்துட்டீங்களாக்கும்” என்றான். கேட்டால் குத்திக்காட்டுவது போல இருக்கவேண்டிய பேச்சு. அவனுடைய குரலில் குத்தல் இல்லை. அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். “எத்தனை பேரு பேப்பரு பாக்குறீங்க, மறக்குறதுதானுங்களே. ஆனா ஐயா, நீங்க எங்கிட்ட ஊருன்னுதானே கேட்டீங்க? பொறந்தது எங்கேன்னு கேட்டிருந்தா நான் இங்கேன்னுதானே சொல்லியிருப்பேன்?”

“ஓம்” என்றேன்.

“அதை மட்டும் துரைகிட்டச் சொல்லிட்டாப் போதுங்க ஐயா. நான் போய்ச் சொன்னா வாசல்லயே நிப்பாட்டிருவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. வாங்க, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். அஞ்சு நிமிசந்தாங்க. இந்தத் தடவை இடம் இல்லேன்னாலும், எம்பேப்பர்ல போட்டதா பீற்றர் ஐயா சொன்ன அந்தச் சேப்பு வட்டத்தை அழிச்சாப் போதும். அடுத்த வருசம் வந்து மறுபடி ராவிக் காட்டுறேங்க.”

அடுத்த வருடம். அவன் கேட்டது அவ்வளவுதான். நாகமணியின் இடத்தைக்கூட அவன் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் இராமருடைய படிவத்தை மறுபடி திறந்தால் யார் என்ன கேட்டான் என்ற பேச்சு வரும். அது வந்தால் அடுத்த ஆளுடைய படிவத்தையும் ஒருவன் எடுத்துப் பார்ப்பான். பார்த்தால் ஈப்போ வெளியே வரும். நாகமணியோடு நானும் கேற்றுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. பயம் வந்தால் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது!

“இண்டைக்குத் துரை இல்லை” என்றேன். துரை மேலே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு வா.”

“சரிங்க ஐயா. பின்னேரம் வேலை விடுறப்ப முன் கேற்றுல நிக்கிறேன்.” கடிதத்தை வாங்காமலே போனான்.

மறுநாள் பின்னேரம் மாடிக்கு ஏறி, ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். சொன்னபடி நின்றான். சோதனைக்கு வந்த நாளில் போட்ட அதே சட்டை, பையில் அந்தக் கடதாசி. நான் பின்பக்கத்தால் இறங்கி, கரி வண்டில்கள் போகிற கடற்பக்க வாசலால் வெளியேறினேன். சப்பாத்தெல்லாம் கரி. மனைவி ஏனென்று கேட்டாள், வேலை அந்தப் பக்கம் என்றேன். அதற்கு அடுத்த நாளும் நின்றான். மருதானைப் பட்டறையில் நேரத்தோடு சொல்லிவிட்டு வருகிறான் போலிருக்கிறது, நாலரை மணிக்குச் சரியாக வந்துவிடுவான். மழை பெய்த நாள் கடதாசியைச் சட்டைக்குள் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். வெளியே போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பான். நாகமணியின் முகத்தையும் பார்த்திருப்பான். அவர்கள் இருவருக்கும் சோதனை நாளிலேயே பழக்கம். கண்டால் தலையசைத்துக்கொள்வார்களாம், நாகமணி சொன்னான். “பாவம் மாமா, யாரையோ பார்த்துக்கொண்டு நிக்கிறான்.”

ஒன்பது நாள் கரி வாசலால் போனேன்.

பத்தாம் நாள் ஜன்னலால் பார்த்தேன். அவன் இல்லை. ஐந்து மணி வரை பார்த்தேன், இல்லை. சுகமில்லையோ, ஹாஷிம் விடவில்லையோ, வெறுத்துப்போனானோ, நான் எப்படிப்பட்டவன் என்று கடைசியில் விளங்கிக்கொண்டானோ, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவனைக் காணவுமில்லை. கடிதம் இன்னும் அவனுடைய படிவத்தோடு கம்பனிக் கடதாசிக் கோவையில்தான் இருக்கிறது.

அன்றைக்கு முன் கேற்றால், எல்லாரையும் போல, நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். எனக்குத் துக்கம் வந்திருக்கவேண்டும். வெட்கமாவது வந்திருக்கவேண்டும். வந்தது நிம்மதி. கோட்டை ஸ்டேசன் வரை நடந்து போகையில் கால் நோகவில்லை. ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது, கடல் காற்று நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து கால் முகம் கழுவிக்கொண்டு, நாகமணியோடு சேர்ந்து இருந்து, இரண்டு தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.